ஒரு பெட்டி, பல ஆட்டங்கள்

எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டையில் இருப்பது இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பது) டக் மெக்ரே, கெவின் கரன் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். 1980-81 சமயம். படிப்பு ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் ஹாஸ்டலில் வீடியோ கேம் எந்திரங்களை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 25 சென்ட் காசு போட்டால் ஒரு ஆட்டம். எந்திரத்தை வாங்கி வைப்பதோடு வேலை முடிந்தது, பிறகு காசுப் பெட்டியைத் திறந்து எண்ணுவதுதான் பாக்கி. நோகாமல் நொங்கு தின்பது என்பார்களே, அது.

அவர்கள் வைத்திருந்தவற்றில் முக்கியமானது அட்டாரி கம்பெனி 1980-இல் வெளியிட்ட மிசைல் கமாண்ட். வானத்திலிருந்து ஏவுகணைகள் வரும், கீழே இருக்கும் ஆறு நகரங்களைக் காப்பாற்ற வேண்டும். முதலில் கூட்டம் அலைமோதியது. பிறகு மெல்லக் குறைய ஆரம்பித்தது. காரணம் எளிது. நன்றாக ஆடத் தெரிந்தவன் ஒரே காசில் ரொம்ப நேரம் ஆடுகிறான், அதுவரை எந்திரம் அவன் கையில். ஆடத் தெரியாதவன் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். இரண்டு பேராலும் முதலாளிக்கு லாபம் இல்லை.

காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போவோம். இந்த எந்திரங்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. மரப்பெட்டி நன்றாக இருக்கிறது, பிக்சர் டியூப் நன்றாக இருக்கிறது, போர்டு நன்றாக இருக்கிறது. ஆட்டம் மட்டும் பழசாகிவிட்டது. புது எந்திரம் வாங்கலாம்தான். 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட 8,000 காசு விழுந்தால்தான் போட்ட பணம் திரும்பும். அதற்குள் அதுவும் பழசாகிவிடும்!

பெட்டியை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் மாற்றினால் என்ன? அந்த யோசனையில் பிறந்ததுதான் சூப்பர் மிசைல் அட்டாக், 1981-இல். மிசைல் கமாண்ட் போர்டோடு சேர்த்து மாட்டும் ஒரு சின்ன போர்டு. மாட்டினால் பழைய ஆட்டமே கடினமாகி, புது ஆட்டம் போல ஆகிவிடும். இதை விற்பதற்காக ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனியையும் தொடங்கினார்கள். இவர்களைப் போலவே எந்திரம் வைத்திருந்து வருமானம் குறைந்த மற்ற முதலாளிகள் வாங்கினார்கள்.

அட்டாரி சும்மா இருக்குமா? 1.5 கோடி டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. அப்போது அமெரிக்க வீடியோ கேம் உலகத்தில் அதுதான் யானை. இவர்களோ படிப்பைக் கூட முடிக்காத பையன்கள். பயந்து போய்க் கடையை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வக்கீல் வைத்து எதிர்த்து நின்றார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் லேசானது இல்லை. எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதில் ஒரு கூடுதல் போர்டை மாட்டிக்கொள்ள உரிமை இல்லையா? ஸ்கூட்டர் வாங்கியவன் வேறு கார்புரேட்டர் போடுவதற்கு ஸ்கூட்டர் கம்பெனியிடம் அனுமதி கேட்கிறானா?

கடைசியில் சமரசம். எப்படிப்பட்ட சமரசம் என்று பாருங்கள். வழக்கைக் கைவிட்டு, இவர்களே அட்டாரிக்காக ஆட்டங்கள் செய்து தர வேண்டும் என்று மாதம் 50,000 டாலர் வீதம் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம்! வழக்குப் போட்டவனே சம்பளம் கொடுத்த கதை. அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. எந்திரத்தை முதலில் தயாரித்த கம்பெனியின் அனுமதி இல்லாமல் இனி இந்த மாதிரிக் கூடுதல் போர்டுகள் விற்கக் கூடாது.

விற்கவே கூடாது என்று எழுதவில்லை, அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்த இடைவெளியில் நுழைந்து வந்தது வீடியோ கேம் வரலாற்றிலேயே பெரிய வெற்றிகளில் ஒன்று.

ஏனென்றால் வழக்கு நடந்துகொண்டிருந்த போதே பேக்-மேனுக்கும் அவர்கள் ஒரு கூடுதல் போர்டு தயாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். கிரேஸி ஆட்டோ என்று பெயர். பேக்-மேன் ஜப்பானில் நாம்கோ கம்பெனியின் தோரு இவாட்டானி உருவாக்கியது, 1980-இல் வந்தது. அமெரிக்காவில் மிட்வே கம்பெனி உரிமம் வாங்கித் தயாரித்தது. இந்த ஆட்டத்திலும் அதே வியாதிதான். நான்கு பேய்களும் ஒரு கணக்கின்படிதான் நகரும். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் போனால் அவையும் ஒரே மாதிரிதான் வரும். எனவே இந்த முனையில் இடது, அந்த முனையில் மேலே என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடலாம். ஆட்கள் செய்தார்கள். காசுப் பெட்டி காய்ந்தது.

கிரேஸி ஆட்டோவில் நான்கு வெவ்வேறு பாதைப் படங்கள், நகரும் பழங்கள், மனப்பாடத்தைக் குலைக்கும்படி கணிக்க முடியாமல் திரியும் பேய்கள் என்று மாற்றியிருந்தார்கள். சமரசம் ஆன கையோடு அதைத் தூக்கிக்கொண்டு சிகாகோவில் மிட்வேயிடம் போனார்கள். மிட்வேயோ பேக்-மேனுக்கு அடுத்து என்ன விற்பது என்று தவித்துக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்து, ஆட்டோ பெண்ணாக மாறி, தலையில் ஒரு ரிப்பன் கட்டிக்கொண்டு 1982-இல் மிஸ் பேக்-மேனாக வெளியே வந்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் எந்திரங்கள் விற்றன.

மிஸ் பேக்-மேன் எந்திரத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். உள்ளே இருப்பது அதே பழைய பேக்-மேன் போர்டு. அதன் மூளையான இசட்80 சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு பட்டைக் கேபிளைச் செருகி, மறுமுனையை ஒரு சின்ன போர்டில் கொண்டுபோய் மாட்டியிருப்பார்கள். பிடுங்கிய இசட்80 அந்தச் சின்ன போர்டில் உட்கார்ந்திருக்கும். பேக்-மேனின் புரோகிராம் இருக்கும் நான்கு ரோம் சிப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். இசட்80 எந்த முகவரியைக் கேட்கிறது என்று சின்ன போர்டு பார்த்துக்கொண்டே இருக்கும். மாற்ற வேண்டிய இடம் வந்தால் மட்டும் குறுக்கே புகுந்து தன்னுடைய பதிலைத் தரும். மற்ற நேரத்தில் பழைய ரோமே பேசும். இப்படி மாற்றப்பட்ட இடங்கள் 40, இடத்துக்கு 8 பைட். ஆக மொத்தம் 320 பைட் ஒட்டு. அதிலிருந்து புது புரோகிராமுக்குத் தாவிப் போகிறது.

புது புரோகிராம் எங்கே இருந்தது? இசட்80-க்கு 16 முகவரிக் கம்பிகள். பேக்-மேன் போர்டு அதில் கடைசிக் கம்பியைப் பயன்படுத்தவே இல்லை, சும்மா விட்டுவிட்டார்கள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு 32 கிலோபைட்டுக்கு அப்பால் இருந்த காலி மனையில் வீடு கட்டிவிட்டார்கள் இந்தப் பையன்கள். யாராவது காப்பியடிக்காமல் இருக்க, சிப்பில் முகவரிக் கம்பிகளையும் தரவுக் கம்பிகளையும் கன்னாபின்னாவென்று மாற்றிப் பின்னி வைத்தார்கள். அடுத்தவன் எந்திரத்துக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவர்கள் தங்கள் ஒட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். :-)

பவர் போட்டவுடன் அந்தச் சின்ன போர்டு முதலில் ஒதுங்கித்தான் இருக்கும். பிறகுதான் விழித்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு மிஸ் பேக்-மேன் பெட்டிக்குள்ளும் பழைய பேக்-மேன் புரோகிராம் முழுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் ஒரே பெட்டியில் இரண்டு ஆட்டம். பிற்காலத்தில் வந்த பல-ஆட்ட போர்டுகளுக்கு விதை இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

தொண்ணூறுகளில் இந்த எந்திரங்கள் பாரிலிருந்தும் பீட்சா கடையிலிருந்தும் கழித்துக் கட்டப்பட்டு, சின்ன வயதில் அவற்றில் காசைத் தொலைத்தவர்களின் வீட்டு கராஜுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம், 100 கிலோவுக்கு மேல் கனம். எத்தனைதான் வைப்பது? மனைவி திட்டுவார், மின்சார பில் திட்டும். இங்கேதான் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த சிலர் உட்கார்ந்து யோசித்தார்கள். பேக்-மேன் போர்டிலேயே, அல்லது அதைக் கொஞ்சம் மாற்றிய போர்டிலேயே ஓடிய ஆட்டங்கள் அந்தக் காலத்தில் நிறைய வந்திருந்தன. ஐஸ், பொன்பொக்கோ, லிசார்ட் விசார்ட், க்ரஷ் ரோலர், பேக்-மேன் ப்ளஸ் என்று. எல்லாவற்றையும் ஒரு போர்டில் அடக்கி, ஒரு மெனு வைத்துவிட்டால்?

கேட்பதற்குச் சுலபம். அந்தக் கால ரோம் சிப் ஒன்றின் கொள்ளளவு 4 கிலோபைட். பேக்-மேன் புரோகிராம் மொத்தமே 16 கிலோபைட். பிற்காலத்தில் சில்லறை விலைக்குக் கிடைத்த ஒரு 512 கிலோபைட் சிப்பில் அப்படி 32 புரோகிராம்களை அடுக்கலாம். சிப்பின் மேல் முகவரிக் கம்பிகளை ஒரு லாட்சில் கட்டிவிட்டு, அந்த லாட்சில் 5 என்று எழுதினால் ஐந்தாவது ஆட்டம் தெரியும், 6 என்று எழுதினால் ஆறாவது. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. முதல் சிக்கல், லாட்சில் எண்ணை மாற்றும் கட்டளையே அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. எண் மாறிய மறுநொடி, இசட்80 அடுத்த கட்டளையைப் படிக்கப் போகும்போது அங்கே வேறு ஆட்டத்தின் நடுப்பக்கம் இருக்கும். உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற வேலை. அதற்காக அந்தச் சிறு துண்டு புரோகிராமை ராம் நினைவகத்துக்கு நகல் எடுத்து, அங்கிருந்து ஓட வைப்பார்கள். அல்லது எண்ணை எழுதியவுடன் போர்டே ரீசெட் கம்பியை இழுத்து, இசட்80-ஐப் புது ஆட்டத்தின் முதல் வரியில் கண்விழிக்க வைக்கும்.

இரண்டாவது, காவல்காரன். பேக்-மேன் போர்டில் வாட்ச்டாக் என்று ஒரு சுற்று உண்டு. புரோகிராம் உயிரோடுதான் இருக்கிறது என்று அடிக்கடி அதனிடம் ஆஜர் சொல்ல வேண்டும். திரை 16 முறை புதுப்பிக்கப்படுவதற்குள், அதாவது சுமார் கால் நொடிக்குள் சொல்லாவிட்டால் எந்திரத்தையே ரீசெட் செய்துவிடும். அழகாக மெனு எழுதிவிட்டு இதை மறந்தவர்களுக்கு, திரை துடித்துத் துடித்து முதலிலிருந்து ஆரம்பிப்பதைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கும்.

மூன்றாவது, படங்கள். புரோகிராமை மட்டும் மாற்றினால் பேக்-மேன் ஓட வேண்டிய இடத்தில் வேறு ஆட்டத்தின் பழமோ எழுத்தோ ஓடும். படங்கள் வேறு இரண்டு ரோம்களில் இருக்கின்றன, வண்ணங்கள் 32 பைட், 256 அரை பைட் கொண்ட குட்டி சிப்புகளில். அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். வண்ண சிப்புகள் சிறிசாக இருந்தாலும் பயங்கர வேகம். நொடிக்கு 60 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் திரைக்குப் போகின்றன, அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காத சாதாரண ஈப்ராமை அங்கே வைத்தால் வண்ணங்கள் புள்ளிக்குப் புள்ளி நழுவும். வேகமான நினைவக சிப்தான் போட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனிக் குணம். ஐஸ் என்ற ஆட்டத்தின் புரோகிராம் சிப்பில் 3-ஆம், 5-ஆம் தரவுக் கம்பிகள் இடம் மாறியிருக்கும். யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று செய்த ஏற்பாடு. பொன்பொக்கோவின் படங்கள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். க்ரஷ் ரோலரின் அமெரிக்கப் பதிப்பான மேக் ட்ராக்ஸ், தன்னுடைய சொந்த போர்டில்தான் ஓடுகிறோமா என்று நடுநடுவே சோதித்துக்கொள்ளும். இதையெல்லாம் ஒவ்வொரு பைட்டாகச் சீர்செய்ய வேண்டும். சரி, பைட்டை மாற்றிவிட்டீர்கள். பவர் போட்டதும் பேக்-மேன் தன் ரோமில் உள்ள எல்லா எண்களையும் கூட்டிப் பார்க்கும், கூட்டல் பொருந்தாவிட்டால் ரோம் கெட்டுவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். ஒரு இடத்தில் கூட்டினால் இன்னொரு இடத்தில் கழித்துக் கணக்கை நேர் செய்ய வேண்டும், அல்லது அந்தச் சோதனையையே தாண்டிக் குதிக்க வைக்க வேண்டும். (டிரையல் பாலன்ஸ் டாலி ஆகாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு இந்த வலி புரியும். சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுத் தூங்கப் போகும் வசதி இங்கே கிடையாது.)

பேக்-மேன் பெட்டியில் ஒரு ஜாய்ஸ்டிக்தான் உண்டு, சுடுகிற பட்டனே கிடையாது. ஐஸ் ஆட்டத்தில் சுட வேண்டும், பொன்பொக்கோவில் குதிக்க வேண்டும். பெட்டியில் புதிதாக ஓட்டை போடுவது பாவம் என்று நினைப்பவர்கள் இந்த உலகத்தில் நிறையப் பேர், அது சரியும்கூட. எனவே ஆட்டம் தொடங்குவதற்காக வைத்த ஸ்டார்ட் பட்டனையே சுடுவதற்கும் பயன்படுத்திக்கொள்வார்கள். மெனுவுக்குத் திரும்பவும் ஸ்டார்ட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும் என்று செய்வதுண்டு. நொடிக்கு 60 முறை வரும் குறுக்கீட்டில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிற மாதிரி நான்கு வரி சேர்ப்பார்கள்.

இத்தனைக்கும் வழிகாட்டி எதுவும் கம்பெனிக்காரர்கள் கொடுத்ததில்லை. சர்க்யூட் வரைபடம் இருந்தது, மற்றதெல்லாம் ஆர்வலர்கள் தோண்டி எடுத்தது. இத்தாலிக்காரரான நிகோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் மேம் என்ற எமுலேட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதுவும் பேக்-மேன் வகை போர்டுகளிலிருந்துதான் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் ஆட்டத்தை ஓட வைப்பதற்காக அங்கே சேர்ந்த தகவல்கள், நிஜ போர்டில் ஓட வைப்பவர்களுக்கும் உதவின.

இனி, சங்கடமான விஷயம். இந்த ஆட்டங்கள் யாருடையவை? மரப்பெட்டியும் போர்டும் வாங்கியவருடையது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரோமில் இருக்கும் புரோகிராமுக்குப் பதிப்புரிமை உண்டு, அது இன்னும் காலாவதியாகவில்லை. சூப்பர் மிசைல் அட்டாக்கை வாங்கியவர் அடியில் இருந்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்தவர். பல-ஆட்ட போர்டில் வரும் ஆட்டங்களில் முக்கால்வாசிக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. மெக்ரேயும் கரனும் வாதாடிய நியாயம் இவர்களுக்குப் பாதி தூரம்தான் வரும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அந்த ஆட்டங்களில் பலவற்றைச் செய்த கம்பெனிகள் எப்போதோ மறைந்துவிட்டன. காசு கொடுக்க நினைத்தாலும் யாரிடம் கொடுப்பது? இதற்கிடையில் போர்டுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஈப்ராமில் இருக்கும் மின்னூட்டம் வருடக்கணக்கில் கசிகிறது. சாக்கெட்டுகளின் கால்கள் கறுத்துவிட்டன. பேக்-மேன் போர்டில் எபாக்சி ஊற்றி மூடிய இரண்டு விசேஷத் துண்டுகள் உண்டு. அவை போனால் கடையில் வாங்க முடியாது, ஆர்வலர்கள் செய்து விற்கும் மாற்றுத் துண்டுதான் கதி. ஒரே ஆட்டம் ஆடும் பழைய பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல், உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரும் எல்.சி.டி. திரையும் வைத்தவர்கள் ஏராளம். ஐந்தாறு ஆட்டம் ஆடலாம் என்று ஆனதால் மட்டுமே குப்பைக்குப் போகாமல் பிழைத்த போர்டுகளும் உண்டு.

இரண்டாயிரங்களின் நடுவில் சீனாவிலிருந்து 60-இன்-1 என்று ஒரு போர்டு வந்து குவிந்தது. 1985-இல் ஜப்பானில் வகுத்த ஜாமா என்ற 56 முனை இணைப்பில் நேரே செருகலாம், 60 ஆட்டம், மலிவு விலை. உள்ளே பழைய வன்பொருள் எதுவும் இல்லை, எமுலேட்டர்தான். வியாபாரமாகப் பார்த்தால் அதை அடித்துக்கொள்ள முடியாது. சத்தம் கொஞ்சம் பிசகும், அசைவு கொஞ்சம் பிசகும், பாரில் ஆடுகிறவன் கவனிக்கவா போகிறான்? ஆனால் அது வந்தபின் பழைய போர்டைக் கழற்றி எறியலாம். இசட்80 சாக்கெட்டில் உட்காரும் போர்டுக்கோ பழைய போர்டு உயிரோடு இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் பல-ஆட்ட போர்டு என்று அழைப்பதுதான் குழப்பம்.

உரிமையாளர்களே இதைச் செய்யாமலும் இல்லை. எஸ்.என்.கே. கம்பெனி 1990-இல் கொண்டுவந்த நியோ ஜியோ எந்திரத்தில் ஒரே பெட்டியில் ஆறு கேசட் வரை செருகலாம். நாம்கோவே 2001-இல் மிஸ் பேக்-மேன், காலகா இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. அதில் ஜாய்ஸ்டிக்கை ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஆட்டினால் பழைய பேக்-மேனும் வெளியே வருவார். இருபது வருடத்துக்கு முன் அதே மாதிரிப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்தான்.

போர்டு வடிவமைப்பவர்களுக்குள் இன்னும் தீராத சண்டை ஒன்று உண்டு. பேக்-மேனில் 256-ஆவது கட்டத்துக்குப் போனால் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும், அதற்கு மேல் ஆட முடியாது. கட்டத்தை எண்ணும் இடத்தில் ஒரே ஒரு பைட் ஒதுக்கியதால் வந்த வினை. புது போர்டில் சில பைட்டுகளை மாற்றி இதைச் சரிசெய்துவிடலாம். செய்யலாமா? ஹைஸ்கோர் பவர் போனால் அழிந்துவிடும், அதைச் சேமிக்கும் வசதி கொடுத்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் காலத்து முதலாளிகளே ஒரு ரோமை மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள், அந்த வேகத்தையும் மெனுவில் சேர்க்கிறார்கள். ஆனால் 256-ஐத் தொட்டால் மட்டும் கோபம் வருகிறது. அந்தப் பிழையைப் பார்ப்பதற்காகவே மணிக்கணக்கில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். விட்டுவிடுவதே மேல்.

போர்டு வந்ததும் முதல் வேலை, பழைய போர்டிலிருந்து இசட்80-ஐ நெம்பி எடுப்பது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கால் வளையாமல், மெதுவாக. நாற்பது கால்கள், நாற்பது வருடத்துக்கு மேல் வயது. பிறகு அதைப் புது போர்டில் அழுத்தி, புது போர்டைக் காலியான சாக்கெட்டில் அழுத்த வேண்டும். கழற்றிய ரோம்களை எறியாமல் ஒரு கவரில் போட்டு, இது எந்த இடத்துச் சிப் என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே பக்கவாட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அடுத்து வாங்குபவருக்கு வேண்டியிருக்கலாம்.